குறைமாதக் குழந்தைக்குப் பால் போதவில்லையா? அறிகுறி வாரியாகச் சரிபார்க்கும் வழி

இதை மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் பிரச்சினை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போய்விடலாம். ஆனால் எந்தத் தலைப்புக்குப் போனாலும் முதலில் ஒரு கணக்குப் பாருங்கள்: நேற்றுக் காலை ஆறு மணியிலிருந்து இன்று காலை ஆறு மணி வரை எத்தனை முறை பால் எடுத்தீர்கள்?

நிறைமாதக் குழந்தை ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை தானே சப்பி மார்பைக் காலி செய்கிறது. அப்படிக் காலியாகக் காலியாகத்தான் இன்னும் வேண்டும் என்று உடம்புக்குத் தெரிகிறது. ஏழாம் மாதத்தில் பிறந்து, வார்மர் என்ற சூடேற்றும் படுக்கையில் மூக்கிலோ வாயிலோ ட்யூபோடு படுத்திருக்கும் குழந்தையால் இதைச் செய்ய முடியாது. அது சப்பத் தொடங்கும் வரை அந்த வேலையை அம்மாவின் கையோ பம்போதான் செய்தாக வேண்டும். இறைக்கிற கிணறுதான் ஊறும். மார்பு நிரம்பியே கிடந்தால் சுரப்பை நிறுத்தச் சொல்லும் சமிக்ஞை மார்புக்குள்ளேயே உருவாகிறது.

உங்கள் கணக்கு எட்டுக்குக் கீழே இருந்தால் பூண்டு, வெந்தயம், மாத்திரை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதை எட்டாக்குங்கள். உடம்பிலேயே கோளாறு இருந்து பால் குறைகிறவர்கள் சிலர்தான். எடுக்காமல் விட்டதால் குறைகிறவர்கள் அதிகம். இதில் அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிசேரியன் வலியில் படுத்திருப்பவளிடம் "குழந்தைதான் உள்ளே இருக்கே, இப்போ பால் எதுக்கு?" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள், முக்கியமான முதல் மூன்று நாள் அப்படியே கழிந்துவிடுகிறது.

"பிரசவமாகி ஒரு நாள் ஆச்சு, நாலு சொட்டுதான் வருது"

நாலு சொட்டு வருகிறதென்றால் சுரப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பு சீம்பாலைத் தயாரிக்கத் தொடங்கிவிடும். அதனால் 26 வாரத்தில் பிரசவித்தவருக்கும் சீம்பால் இருக்கும். அளவு அதிகரிப்பது வேறு கட்டம். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் புரோஜெஸ்டிரான் என்ற கர்ப்பகால ஹார்மோன் இறங்குகிறது. அதற்குப் பிறகு சாதாரணமாக 30 முதல் 72 மணி நேரத்தில் பால் பெருகும். குறைப்பிரசவத்தில் இது இன்னும் ஓரிரு நாள் தள்ளிப்போவது சகஜம்.

குழந்தைக்கு எவ்வளவு வேண்டும் என்றும் பாருங்கள். ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தொடக்கத்தில் பல இடங்களில் ஒரு நாளைக்கு 10 முதல் 20 மில்லிதான் கொடுக்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் ஒரு வேளைக்கு ஒரு மில்லி, அதிகம் போனால் ஒன்றரை மில்லிக்குக் கொஞ்சம் மேல். ட்யூப் வழியாக எதுவும் கொடுக்க முடியாத நிலையில்கூட 0.1, 0.2 மில்லி சீம்பாலைக் கன்னத்தின் உட்புறத்தில் தடவுவார்கள். அதில் இருக்கும் நோய் எதிர்ப்புப் பொருட்களுக்காக இதைச் செய்கிறார்கள். குறைமாதக் குழந்தையின் குடலைத் தாக்கும் என்.இ.சி. என்ற அழுகல் நோய்க்கு எதிராக நம்மிடம் இருக்கும் வலுவான தடுப்புகளில் தாய்ப்பாலும் ஒன்று. ஆகவே நாலு சொட்டையும் கொடுத்தனுப்புங்கள்.

செய்ய வேண்டியது: முடிந்தால் பிரசவமான முதல் ஒரு மணி நேரத்துக்குள், எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். அந்த நேரம் தாண்டிவிட்டதென்றால் இதைப் படித்து முடித்ததும் ஆரம்பியுங்கள். முதல் இரண்டு மூன்று நாளைக்குக் கைதான் நல்லது. சீம்பால் பிசுபிசுவென்று கெட்டியாக இருக்கும். பம்பில் எடுத்தால் அந்தச் சில துளி பாட்டிலின் சுவரிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டு வீணாகும். சிஸ்டரிடம் ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள். காம்பின் நுனியில் முத்துப்போல் திரளும் சொட்டை அப்படியே சிரிஞ்சில் உறிஞ்சிக்கொள்ளலாம்.

"கையால எடுத்தா வரவே மாட்டேங்குது"

பெரும்பாலும் கை வைக்கும் இடத்தில்தான் தவறு இருக்கும். காம்பைப் பிடித்து இழுக்கிறார்கள், அல்லது மார்பு முழுவதையும் பிசைகிறார்கள். காம்பில் பால் கிடையாது. இழுத்தால் புண்தான் மிஞ்சும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள். ஓரிரு நிமிடம் விரல் நுனிகளால் மார்பின் வெளிப்பக்கத்திலிருந்து காம்பை நோக்கி லேசாகத் தடவுங்கள். பிறகு கட்டைவிரலைக் காம்புக்கு மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழேயும் வையுங்கள். காம்பின் அடியிலிருந்து இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கருவளையத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் தூரத்தையே கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூன்று அசைவு. முதலில் இரண்டு விரலையும் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்துங்கள். அப்படியே விரல்களை ஒன்றையொன்று நோக்கிச் சேர்த்து அமுக்குங்கள். பிறகு விடுங்கள். தோல் மேல் விரல் வழுக்கக் கூடாது. உள்ளே, அமுக்கு, விடு என்ற தாளத்தில் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ எதுவும் வராமலே போகலாம். அங்கேதான் பலரும் விட்டுவிடுகிறார்கள், தொடருங்கள். முதலில் ஈரம், பிறகு சொட்டு, சில நாள் கழித்துப் பீய்ச்சி அடிக்கும். ஓர் இடத்தில் வரத்து குறைந்ததும் விரல்களை மேல்–கீழிலிருந்து இடம்–வலமாக மாற்றுங்கள். ஒரு பக்கம் நான்கைந்து நிமிடம், மறுபக்கம் நான்கைந்து நிமிடம், மறுபடி முதல் பக்கம் என்று போனால் இருபதிலிருந்து முப்பது நிமிடத்தில் முடியும்.

பம்பு வாங்கியவர்களும் கையை விட்டுவிட வேண்டாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜேன் மார்ட்டன் குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வு குறைமாதக் குழந்தைகளின் அம்மாக்களைப் பற்றியதுதான். முதல் மூன்று நாள் தினம் ஐந்து முறைக்கு மேல் கையாலும் எடுத்து, பிறகு பம்பு ஓடும்போது கையாலும் மார்பை அமுக்கிக் கொடுத்தவர்களுக்குப் பால் நன்றாகவே கூடியது. செலவில்லாத இந்த உத்தி நம்மூருக்கு இன்னும் பொருத்தம்.

மருந்துக் கடையில் மலிவாகக் கிடைக்கும், ரப்பர் பல்பை அமுக்கி விடும் பழைய மாதிரிப் பம்பை வாங்காதீர்கள். பால் அந்தப் பல்புக்குள் போய்விடும், அதைச் சுத்தம் செய்யவே முடியாது. காம்பையும் அது கண்டபடி இழுக்கும். நோய்த்தொற்று எளிதில் பற்றிக்கொள்ளும் குழந்தைக்கு அந்தப் பால் வேண்டாம்.

"நாலு நாள் ஆச்சு, மார்பு கனக்கவே இல்லை"

எட்டு முறை எடுத்தும் இந்த நிலை என்றால் காரணத்தைத் தேட வேண்டும். டாக்டரிடம் இவற்றை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள், ரவுண்ட்ஸ் வரும் அவசரத்தில் அவர் கேட்காமல் போகலாம்.

பிரசவத்தின்போது ரத்தப்போக்கு அதிகமா? ரத்தம் ஏற்றினார்களா? பேரளவு ரத்தம் போனால் சில சமயம் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்படும். அப்போது பால் அறவே வராமல் போவது அதன் முதல் அடையாளமாக இருக்கலாம். நஞ்சின் துண்டு ஏதாவது உள்ளே தங்கிவிட்டதா? அது புரோஜெஸ்டிரானைத் தொடர்ந்து சுரந்துகொண்டிருக்கும், பால் பெருகாது. கட்டியாக ரத்தம் போவது, துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவை இதோடு சேர்ந்தால் ஸ்கேன் பார்க்காமல் விடக் கூடாது. தைராய்டு, கர்ப்பகாலச் சர்க்கரை, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, மார்பில் முன்பு செய்த அறுவைச் சிகிச்சை எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காகப் பிரசவத்துக்கு முன் உங்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருப்பார்கள். அதனாலும் பால் பெருகுவது சில நாள் தாமதமாகலாம். இது தற்காலிகம்தான். அந்த ஊசி குழந்தையின் உயிரைக் காக்கும் ஊசி என்பதையும் மறக்க வேண்டாம். பி.பி. ஏறி அவசரமாகப் பிரசவம் பார்த்தவர்கள், "மாத்திரை சாப்பிடுகிறேன், பால் கொடுக்கலாமா?" என்று தயங்குவார்கள். லேபிடலால், நிஃபெடிபின் போன்ற வழக்கமான மாத்திரைகளுக்குத் தடை இல்லை. நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை அதிக அளவில் இருந்தால் பால் குறையலாம், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

"நல்லா வந்துட்டிருந்தது, ரெண்டு வாரத்துல குறைஞ்சு போச்சு"

வார்டில் அதிகம் காதில் விழும் புகார் இதுதான். இதன் கதையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். முதல் வாரத்தில் அம்மா விழுந்து விழுந்து எடுக்கிறார். குழந்தை ஒரு வேளைக்கு ஐந்து மில்லிதான் குடிக்கிறது, ஃபிரிட்ஜில் மிச்சம் இருக்கிறது. "எதுக்கு இவ்வளவு, வீணாத்தானே போகுது" என்று எட்டு ஆறாகிறது, ஆறு நாலாகிறது. ராத்திரி எழுந்திருப்பது நின்றுபோகிறது. குழந்தை வளர்ந்து ஒரு வேளைக்கு முப்பது மில்லி கேட்கும் நாளில் மார்பில் அது இல்லை.

குழந்தைக்கு இன்று எவ்வளவு வேண்டும் என்பதைப் பார்த்து எடுக்காதீர்கள், வீட்டுக்குப் போகும் நாளுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பாருங்கள். முழு அளவுக்கு வந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 150 முதல் 180 மில்லி ஒரு நாளைக்குத் தேவை. இரண்டு, இரண்டரை கிலோவில் அது 300-லிருந்து 450 மில்லி. அதனால்தான் பதினான்காம் நாளுக்குள் 24 மணி நேரத்தில் 500 மில்லி என்று இலக்கு வைக்கிறோம். 750 வந்தால் இன்னும் நிம்மதி. பதினான்காம் நாளில் 350-க்குக் கீழே நின்றால் அன்றே உதவி கேளுங்கள். மார்பின் கொள்ளளவு தீர்மானமாவது பெரும்பாலும் இந்த இரண்டு வாரத்தில்தான். ஒரு மாதம் கழித்துக் கூட்ட முடியாது என்று சொல்லவில்லை, பாடு இரட்டிப்பாகும்.

மீட்பு வேலையை மூன்று நாள் திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும் முறையை எட்டிலிருந்து பத்துக்குள் கொண்டு வாருங்கள். மணிக்கணக்குப் பார்த்துச் சீராக இருக்க வேண்டியதில்லை. பகலில் இரண்டு மணிக்கு ஒருமுறை எடுத்து, ராத்திரி ஓர் இடைவெளியை நீளமாக விடலாம். ஆனால் எந்த இடைவெளியும் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நள்ளிரவு முதல் விடியற்காலைக்குள் ஒருமுறையாவது எடுங்கள், பாலைச் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். தினம் ஒரு வேளை தொடர் எடுப்பு: இருபது நிமிடம் எடுத்து, பத்து நிமிடம் ஓய்ந்து, பத்து நிமிடம் எடுத்து, பத்து ஓய்ந்து, மறுபடி பத்து. ஒரு நோட்டில் நேரமும் அளவும் எழுதி வையுங்கள். ஒவ்வொரு வேளையின் அளவைப் பார்த்து மனம் தளர வேண்டாம், அது ஏறி இறங்கும். பார்க்க வேண்டியது 24 மணி நேரக் கூட்டுத்தொகையை. மூன்று நாள் கழித்தும் அது அசையவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள்.

அந்த நோட்டு இன்னொன்றுக்கும் உதவும். "என் பொண்ணு எந்நேரமும் எடுத்துட்டேதான் இருக்கா" என்று பாட்டி சொல்வார். நோட்டைத் திறந்தால் ஐந்து முறை இருக்கும். இடுப்பு வலியும் கவலையும் ஐந்தைப் பதினைந்தாகத் தோன்ற வைக்கும், அதில் யார் மேலும் தப்பில்லை.

ஒரு நாள் திடீரென்று பாதியாகக் குறைந்தால் வேறு காரணம் தேடுங்கள். சளிக்கு மூக்கடைப்பு மாத்திரை எடுத்தீர்களா? சூடோஎஃபெட்ரின் கலந்தவை பாலைக் குறைக்கும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் அப்படியே. பம்பின் வால்வில் கீறல் விழுந்து உறிஞ்சும் விசை போய்விட்டதா என்றும் பாருங்கள். சின்ன ரப்பர் துண்டுதான், ஆனால் அது கிழிந்தால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், பால் வராது.

"குழந்தைக்கு உடம்பு முடியலைன்னு சொன்னதும் பால் நின்னு போச்சு"

நின்றுபோகவில்லை, இறங்கவில்லை. பாலைத் தயாரிப்பது ஒரு ஹார்மோன், அதை வெளியே தள்ளும் ஆக்ஸிடோசின் வேறொன்று. பயமும் வலியும் இந்த இரண்டாவதைத்தான் மறிக்கும். மார்பில் பால் இருக்கும், எடுத்தால் சொட்டாகத்தான் வரும். "கவலைப்படாதே" என்று சொல்வதால் ஒரு பயனும் இல்லை, கவலைப்படாமல் எப்படி இருப்பாள்? வலி மாத்திரையைத் தள்ளிப்போடாமல் சாப்பிடுங்கள். எடுப்பதற்கு முன் யாராவது முதுகில், தண்டுவடத்தின் இருபுறமும் கழுத்திலிருந்து தோள்பட்டை வரை கட்டைவிரலால் வட்டமாக அழுத்தித் தேய்த்துவிடட்டும். கணவர், அம்மா, பக்கத்துக் கட்டில் அக்கா யார் வேண்டுமானாலும் செய்யலாம். குழந்தையைச் சுற்றியிருந்த துணி, போனில் அதன் படம் ஆகியவையும் பலருக்கு உதவுகின்றன.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொள்வது. கங்காரு பராமரிப்பு என்று அழைக்கப்படும் இது, கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1970-களின் இறுதியில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்த யோசனை. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளைப் பிறந்தவுடனே இப்படி வைத்துக்கொண்டபோது முதல் 28 நாள் இறப்பு கால்வாசி குறைந்தது. பால் விஷயத்திலும் அதன் பலன் கண்கூடு. குழந்தையை நெஞ்சில் வைத்திருந்து இறக்கியதும், அந்தச் சூடு ஆறுவதற்குள் எடுத்துப் பாருங்கள். "டாக்டர் இன்னும் சொல்லலையே" என்று காத்திருக்காதீர்கள். "எப்போ கங்காரு வைக்கலாம்?" என்று தினமும் கேளுங்கள்.

"மார்பு கல்லு மாதிரி இருக்கு, தொட முடியலை"

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் கட்டிக்கொள்வது சகஜம். காம்பைச் சுற்றி வீங்கி இறுகியிருந்தால் முதலில் விரல் நுனிகளால் அந்தப் பகுதியை நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் மெதுவாக அழுத்தி வைத்திருங்கள். வீக்கம் பின்னால் நகரும், பிறகு பால் எடுக்க வரும். எடுத்த பின் ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கட்டியைப் போட்டு முரட்டுத்தனமாகப் பிசைந்து உடைக்கப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், உள்ளே வீக்கம் கூடும்.

காய்ச்சலும் நடுக்கமும் வந்து, ஒரு பக்கத்தில் ஆப்புப்போலச் சிவந்திருந்தால் அது மார்பழற்சி. அன்றே டாக்டரைப் பாருங்கள், குழந்தை இருக்கும் என்.ஐ.சி.யு. (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) சிஸ்டரிடமும் சொல்லுங்கள். எடுப்பதை நிறுத்தினால் சீழ் கட்டும் அபாயம்.

இந்த இடத்தில் மல்லிகைப் பூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பால் கட்டினால் மார்பில் மல்லிகைச் சரத்தைக் கட்டுவது நம் பக்கத்தில் பழைய வைத்தியம். அது வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. வேலூரில் மருத்துவர்கள், பாலை நிறுத்த வேண்டியிருந்த அம்மாக்களிடம் பூவையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்து 1988-ல் வெளியிட்டார்கள். இரண்டிலுமே புரோலாக்டின் இறங்கியது. அதாவது பூ வேலை செய்கிறது, நமக்கு வேண்டாத திசையில். குறைமாதக் குழந்தையின் அம்மா மார்பில் பூ கட்ட வேண்டாம், இறுக்கமாகத் துணி கட்டவும் வேண்டாம்.

"பம்பு வச்சா காம்பு எரியுது"

புனலின் அளவு சரியில்லை, அல்லது விசையை அதிகமாக வைக்கிறீர்கள். காம்பு சுவரில் உரசாமல் குழாய்க்குள் தாராளமாகப் போய்வர வேண்டும், கருவளையம் அதிகம் உள்ளே போகக் கூடாது. டப்பாவோடு வரும் அளவு எல்லாருக்கும் பொருந்தாது. விசையைக் கூட்டினால் பால் கூடிவிடாது. வலிக்காத அளவில் எது அதிகமோ அதுவே உங்கள் எண்.

"பால் நிறம் சரியில்லை"

மஞ்சள் சீம்பாலின் நிறம். நீலம் கலந்த வெள்ளையும் தண்ணீராய்த் தெரிவதும் முதலில் வரும் பால், கொழுப்பு பின்னால் வரும். அதனால்தான் முழுக்கக் காலி செய்யச் சொல்கிறோம். குறைப்பிரசவத்துத் தாயின் பாலில் முதல் சில வாரம் நிறைமாதத் தாயின் பாலைவிடப் புரதம் அதிகம். ஆகவே "தண்ணிப் பால், சத்தில்லை" என்று யாரும் கொட்ட வேண்டாம். முதல் சில நாள் துருப்பிடித்த நிறத்திலோ பழுப்பாகவோ வந்தால், மார்பின் புதுக் குழாய்களில் கசிந்த ரத்தமாக இருக்கலாம். வலியில்லாமல் ஒரு வாரத்துக்குள் தெளிந்துவிடும். வார்டில் காட்டிவிடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் போனால் டாக்டர் பார்க்க வேண்டும்.

"என் பாலில் பவுடர் கலக்கிறாங்க, அப்போ என் பால் போதாதா?"

அது புட்டிப்பால் பவுடர் அல்ல. ஒன்றரை கிலோவுக்கும் குறைவான குழந்தை, தாயின் வயிற்றுக்குள் கடைசி மூன்று மாதம் வாங்கியிருக்க வேண்டிய சுண்ணாம்புச்சத்து, பாஸ்பரஸ், புரதம் ஆகியவற்றை வெளியே வாங்குகிறது. எந்த அம்மாவின் பாலிலும் அந்த அளவு இருக்காது. அதை ஈடுகட்டவே தாய்ப்பாலில் கலக்கும் செறிவூட்டி. உங்கள் பால் இருந்தால்தான் அதைக் கலக்கவே முடியும்.

உங்கள் பால் கூடும் வரை தாய்ப்பால் வங்கியிலிருந்து தருவதாகச் சொன்னால் சம்மதியுங்கள். தானம் தந்த அம்மாக்களுக்குப் பரிசோதனை நடக்கிறது, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்குகிறார்கள். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி மும்பை சயான் மருத்துவமனையில் 1989-ல் மருத்துவர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் பல அரசு மருத்துவமனைகளில் இப்போது இருக்கிறது. ஆனால் சூடாக்கும்போது எதிர்ப்புப் பொருட்களில் ஒரு பகுதி போய்விடும். வங்கிப் பால் வருகிறதே என்று எடுப்பதை நிறுத்திவிட வேண்டாம்.

"நான் ஒரு ஆஸ்பத்திரியில், குழந்தை வேற ஆஸ்பத்திரியில்"

108-ல் குழந்தையை மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிவிட்டு, தாய் தாலுகா மருத்துவமனையில் தையலோடு படுத்திருப்பாள். இங்கேதான் எடுப்பு அடியோடு நிற்கிறது, ஏனென்றால் கேட்க யாருமில்லை. குழந்தையோடு போகிற அப்பாவிடமோ மாமாவிடமோ அங்கே முதலில் கேட்கச் சொல்ல வேண்டிய கேள்வி: "அம்மா பால் கொண்டு வந்தா வாங்கிப்பீங்களா, எதுல கொண்டு வரணும்?"

மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவோ அவர்கள் சொல்லும் பாட்டிலோ, சோப்பில் கழுவிப் பத்து நிமிடம் கொதிக்க வைத்தது. அம்மாவின் பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டி, வாயகன்ற பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு நடுவில் வைத்துக் கொண்டு போகலாம். எடுத்த பால் அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும் என்பார்கள். அது 25 டிகிரி அறைக்குச் சொன்ன கணக்கு. சித்திரை வெயிலில் ஃபேன் மட்டும் ஓடும் வார்டில் அதை நம்பக் கூடாது, எடுத்ததும் குளிரில் வையுங்கள். ஃபிரிட்ஜில் கதவில் வைக்காமல் உள்தட்டில் பின்பக்கமாக வையுங்கள். எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்பதற்கு உங்கள் என்.ஐ.சி.யு. சொல்வதே விதி, பல இடங்களில் 24 மணி நேரம். கொண்டுபோக வழியே இல்லாவிட்டாலும் எடுப்பதை விடாதீர்கள். கொட்டினாலும் பரவாயில்லை, சுரப்பு நிற்காமல் இருக்க வேண்டும்.

"என்ன சாப்பிட்டா கூடும்? மாத்திரை இருக்கா?"

பூண்டு, பால்சுறா புட்டு, வெந்தயக் களி, முருங்கைக்கீரை. வீட்டில் ஆசையாகச் செய்து தருவதைச் சாப்பிடுங்கள், புரதமும் இரும்பும் கிடைக்கும். முருங்கைக்குக் கொஞ்சம் ஆதாரமும் உண்டு: பிலிப்பைன்ஸில் குறைமாதக் குழந்தைகளின் அம்மாக்களிடமே சின்ன அளவில் சோதித்து, பால் கூடியதாக 2000-ல் எழுதினார்கள். வெந்தயத்துக்கு ஆதாரம் பலவீனம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மாத்திரை வடிவில் அதை அதிகம் விழுங்க வேண்டாம். இவற்றில் எதுவும் எடுக்காத மார்பில் பாலை வரவழைக்காது.

"பச்சை உடம்பு, தண்ணி கொடுக்காதே" என்பதை மட்டும் கறாராக மறுத்துவிடுங்கள். தாகத்துக்குத் தகுந்தபடி குடிக்க வேண்டும். தாகத்துக்கு மேல் லிட்டர் கணக்கில் குடித்தாலும் பால் கூடிவிடாது.

டாம்பெரிடோன் மாத்திரை புரோலாக்டினைக் கூட்டும். சிலருக்கு ஓரளவு பால் ஏறும். எட்டு முறை ஒழுங்காக எடுத்தும் போதாதவர்களுக்கு, இதயத் துடிப்புக் கோளாறு இருக்கிறதா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்த்து டாக்டர் எழுத வேண்டிய மருந்து இது. கடையில் நேராகக் கேட்டு வாங்காதீர்கள். இதே நோக்கத்துக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு மனச்சோர்வைக் கொண்டுவரலாம். ஏற்கெனவே அழுது களைத்திருக்கும் அம்மாவுக்கு அது வேண்டாம்.

"மார்பில் வச்சா தூங்கிடுது"

சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒத்துப்போவது கர்ப்பக் கணக்கில் ஏறத்தாழ 34 வாரத்தில்தான். அதற்கு முன் 32 வாரம் சுமாருக்குப் பாலாடையில் (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) கொடுக்கப் பழக்குவார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான் இன்று என்.ஐ.சி.யு.க்களில் இருக்கிறது. அந்த வாரங்களில் குழந்தையை, பால் எடுத்துக் காலியாக்கிய மார்பில் வைத்து நக்கவும் சப்பவும் விடுங்கள், மூச்சுத் திணறாமல் பழகும்.

34 வாரம் ஆனபின்னும் ஐந்து நிமிடத்தில் தூங்கினால், குழந்தை குடித்ததா களைத்ததா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எடை பார்ப்பதுதான் வழி. அதே தராசில், அதே உடுப்போடு, நாப்கின் மாற்றாமல் குடிப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். கூடிய ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி. குறைவாக இருந்தால் மிச்சத்தைப் பாலாடையில் கொடுத்துவிட்டு, மார்பில் தங்கியதைக் கையால் எடுத்துவிடுங்கள். அதை எடுக்காமல் விட்டால் வீட்டுக்குப் போன இரண்டாவது வாரத்தில் பால் குறையும். குழந்தை நேராகக் குடித்தே எடை ஏறுகிறது என்று செக்கப்பில் சொன்ன பிறகு, எடுக்கும் முறையை ஒரேயடியாக நிறுத்தாமல், சில நாளுக்கு ஒன்று வீதம் குறைத்து வாருங்கள். ராத்திரி எடுப்பதைக் கடைசியாக விடலாம்.